பதினோரு மணிக்கு அளந்தார்கள், ஒரு மணிக்கு அலை வந்தது: கெடாவும் செயற்கைக்கோள்களும்



சுங்கை பட்டாணியிலிருந்து மேற்கே கடலை நோக்கிப் போனால் கோத்தா கோலமூடா. 2004ஆம் ஆண்டு பேரலையில் சிதைந்த படகுகளை வைத்தே எழுப்பிய நினைவிடம் ஒன்று அங்கே இருக்கிறது. நம்மில் பலர் மாணவர்களை அங்கே அழைத்துப் போயிருப்போம். பிள்ளைகள் படகைப் பார்ப்பார்கள், படம் பிடித்துக்கொள்வார்கள், ஐஸ் வாங்கித் தின்பார்கள், பஸ் ஏறித் திரும்பி விடுவோம். ஒரு தடவை ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: “சார், அப்பவே சேட்டிலைட் இருந்துச்சுதானே? மேலேர்ந்து பார்த்தா அலை வர்றது தெரிஞ்சிருக்குமே. ஏன் யாரும் சொல்லல?”

“அப்போ அவ்வளவு வசதி இல்லப்பா” என்று சொல்லிச் சமாளித்தேன். அது தப்பான பதில் என்று பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். செயற்கைக்கோள் இருந்தது. அலையின் மேலேயே பறந்தது. அலையை அளக்கவும் செய்தது. அப்படியும் கரைக்குச் செய்தி வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை மாணவர்களுக்குச் சொல்ல நமக்கே முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நேரங்களை வரிசையாகப் பாருங்கள். 26 டிசம்பர் 2004, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை 8.59க்குச் சுமத்ராவின் மேற்கே கடலடியில் நிலம் நடுங்கியது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து, அதாவது பதினோரு மணி வாக்கில், ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் இந்தியப் பெருங்கடலின் மேலே தெற்கிலிருந்து வடக்காகக் கடந்தது. சில நிமிட இடைவெளியில் அதன் மூத்த சகோதரன் டோபெக்ஸ்/போசைடன் பக்கத்துப் பாதையில் வந்தது. இரண்டுமே அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து அனுப்பியவை. அந்த நேரத்தில் அலை இலங்கையின் கிழக்குக் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தமிழகக் கரைக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நம் கெடா கரைக்கோ ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது.

ஜேசன்-1 எப்படி அளக்கிறது? அது கடலைப் படம் பிடிப்பதில்லை. 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ராடார் துடிப்பை நேர் கீழே அனுப்புகிறது. துடிப்பு கடல் மேல் பட்டுத் திரும்பி வர ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு நேரம் ஆகிறது. அந்த நேரத்தை மிக நுட்பமாக அளந்தால் கடல்மட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சில சென்டிமீட்டர் பிழைக்குள் சொல்லிவிடலாம். கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் கேட்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணி ஆழம் சொல்வோமே, அதே கணக்குதான். அன்றைக்கு அது அளந்த அலையின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர்.

இந்த எண்ணைச் சொன்னதும் வகுப்பில் சிரிப்பு வரும். “அறுபது சென்டிமீட்டர் அலைக்கா சார் இவ்வளவு பேர் செத்தாங்க?” வரட்டும், அந்தக் கேள்விதான் பாடத்தின் வாசல். ஆழ்கடலில் சுனாமி உயரத்தால் மிரட்டுவதில்லை. அதன் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இருக்கும். நடுக்கடலில் கப்பலில் இருப்பவனுக்குக் காலடியில் அப்படி ஒன்று போனதே தெரியாது. கரைக்கு வரும்போது ஆழம் குறைகிறது, அலையின் முன்பகுதி மெதுவாகிறது, பின்னால் வருகிற தண்ணீர் முட்டிக்கொண்டு மேலே ஏறுகிறது. அவ்வளவு நீளமான அலை என்பதால் ஏறிய தண்ணீர் உடனே இறங்குவதுமில்லை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டலாம். கடல் ஆழத்தை மீட்டரில் எடுத்து, பத்தால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால் சுனாமியின் வேகம் ஒரு வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று ஏறக்குறைய வந்துவிடும். வங்கக் கடல் நடுவில் ஆழம் 3,000 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் வினாடிக்கு 173 மீட்டர், மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். விமான வேகத்துக்குப் பக்கம். மலாக்கா நீரிணையில் ஆழத்தை 60 மீட்டர் என்று எடுத்தால் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் கூட இல்லை. நெடுஞ்சாலையில் கார் போகிற வேகம்தான். நில நடுக்க மையத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் நாகப்பட்டினம் நம்மைவிட மூன்று மடங்குக்கு மேல் தொலைவு. அப்படியும் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் அங்கே அலை போய்ச் சேர்ந்துவிட்டது. நமக்கோ அது சுமத்ராவின் வட முனையைச் சுற்றி, ஆழமில்லாத நீரிணைக்குள் புகுந்து, மதியம் ஒரு மணிக்கு மேல்தான் வந்தது. நாலு மணி நேரத்துக்கு மேல்! அந்த நாலு மணி நேரம் கையில் இருந்தும் மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள். பினாங்கில் 52 பேர், கெடாவில் 12 பேர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல்.

நாகப்பட்டினத்தையும் கெடாவையும் ஒரே வரியில் எழுதும்போது வரலாறு படித்தவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். ஆயிரம் ஆண்டுக்கு முன் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினான். இராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதி வைத்தான். 1025இல் இராஜேந்திரன் படையெடுத்து வந்ததும் இதே கடல் வழியாகத்தான். கடலில் வருகிறவனுக்கு முதலில் தெரிகிற அடையாளம் குனோங் ஜெராய். ஒரு பருவக் காற்றில் வந்து, பூஜாங் பள்ளத்தாக்கில் தங்கி, மறு காற்றுக்குக் காத்திருந்து திரும்பினார்கள். காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவர்களுக்கு வாய்மொழிப் பாடம். 1686இல் ஆங்கிலேயர் எட்மண்ட் ஹாலி உலகக் காற்றுகளை வரைபடமாக வெளியிட்டபோது, அதற்கு ஆதாரமாக இருந்ததும் மாலுமிகள் சொன்ன செய்திகளே. வால்வெள்ளிக்குப் பெயர் தந்த அதே ஹாலிதான். வானிலை அறிவு வெகு காலம் வாயால்தான் பரவியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மழை என்றால் முதலில் வயிறுதான் ஞாபகம் வரும். விடியுமுன் மழை பிடித்துவிட்டால் பட்டை நனைந்துவிடும். வெட்டினால் பால் கோட்டில் ஓடாமல் மரமெல்லாம் வழியும். வெட்டின பிறகு பெய்தால் மங்கில் இருக்கிற பாலும் தண்ணீராகிவிடும். பெரட்டுக் களத்தில் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வேலை உண்டா இல்லையா என்பதை மண்டோர் சொல்ல வேண்டும். தோட்ட ஆபீசுக்கு முன்னால், மரநிழல் படாத இடத்தில், ஒரு மழைமானி நட்டு வைத்திருப்பார்கள். காலையில் கிராணி அதில் இருக்கிற தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, எத்தனை அங்குலம் என்று புத்தகத்தில் எழுதுவார். வெள்ளைக்காரத் துரைக்கு அந்தக் கணக்கு எதற்கு என்று லயத்தில் யாருக்கும் தெரியாது. விளைச்சல் ஏன் குறைந்தது என்று மேலிடத்துக்குப் பதில் எழுத அது வேண்டும். நம் ஆட்கள் நனைந்த மழையைத்தான் நாள் தவறாமல் அளந்து எழுதி வைத்தார்கள், நனைந்தவர்களுக்காக இல்லாவிட்டாலும். எந்தக் காரணத்துக்காக எழுதியிருந்தாலும், இப்படிப்பட்ட தரைக் கணக்குகள் இல்லாமல் இன்றைய செயற்கைக்கோள் ஒரு சொட்டு மழையைக் கூடச் சரியாகச் சொல்ல முடியாது. அது எப்படி என்று பார்ப்போம்.

1960 ஏப்ரல் 1ஆம் தேதி அமெரிக்கா டைரோஸ்-1 என்ற முதல் வானிலைச் செயற்கைக்கோளை அனுப்பியது. அது 78 நாள்தான் வேலை செய்தது. அதில் இருந்தவை இரண்டு சிறிய டிவி கேமராக்கள். ஆனாலும் மேகங்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடப்பதில்லை, பெரிய பெரிய சுழல்களாக ஒழுங்கோடு நகர்கின்றன என்பதைக் கண்ணால் பார்க்க வைத்தது அதுதான். நம் வட்டாரத்துக்கு முக்கியமானது 1977 ஜூலையில் ஏவப்பட்ட ஜப்பானின் ஹிமாவாரி. சூரியகாந்தி என்று பொருள். பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும்; சூரியகாந்தி சூரியனையே பார்ப்பது போல இது பூமியையே பார்க்கிறது. அதன் வழித்தோன்றலான ஹிமாவாரி-8, 2015 ஜூலையில் வேலைக்கு வந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஜப்பானிலிருந்து ஆஸ்திரேலியா வரை, இந்தப் பக்கம் நம் நாடு உட்பட முழு வட்டத்தையும் 16 அலைவரிசைகளில் படம் எடுத்தது. 2022 டிசம்பரில் அந்த வேலையை ஹிமாவாரி-9 எடுத்துக்கொண்டது.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், சுமத்ரா பக்கம் உருவாகி, நீரிணையைத் தாண்டி, விடியற்காலையில் நம் மேற்குக் கரையில் பலத்த காற்றோடு வந்து விழுகிற மழை இருக்கிறதே, அதை மீனவர்களும் பால்வெட்டுக்காரர்களும் நன்றாக அறிவார்கள். வானிலைத் துறையில் அதன் பெயரே ‘சுமத்ரா’தான். வளைந்த மேகக்கோடு ஒன்று இருட்டில் நகர்ந்து வருவதை இன்றைக்குக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். அந்த வசதி அன்றைக்கு இருந்திருந்தால் எத்தனை பேர் மூன்றரை மணிக்கு எழுந்து வீணாகப் பெரட்டுக்கு நடந்திருக்க வேண்டாம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் ஹிமாவாரி பார்ப்பது மேகத்தின் தலையை. கீழே மழை பெய்கிறதா என்று அதற்கு நேராகத் தெரியாது. மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று அகச்சிவப்பில் பார்க்கிறது. உச்சி குளிர்ந்திருந்தால் மேகம் உயரமானது, உயரமான மேகம் மழை தரலாம் என்பது ஊகம். பல நேரம் சரியாக வரும், சில நேரம் ஏமாற்றும். 1997 நவம்பரில் அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து, வெப்பமண்டல மழையை அளக்க என்றே, விண்வெளியின் முதல் மழை ராடாரை அனுப்பினார்கள். அது 2015 வரை உழைத்தது. அதன் வாரிசு 2014இல் போன ஜிபிஎம். உலகம் முழுவதற்கும் அரை மணிக்கு ஒரு முறை மழைக் கணக்குத் தருகிறார்கள், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். சுமார் 11 கிலோமீட்டருக்கு 11 கிலோமீட்டர் என்று பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஓர் எண்.

கட்டத்தின் அளவைக் கவனியுங்கள். 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை கிட்டத்தட்ட அப்படி ஒன்றிரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடும். 2021 ஆகஸ்ட் 18ஆம் தேதி மலை உச்சியில் கொட்டிய மழை மண்ணையும் மரத்தையும் பாறையையும் உருட்டிக்கொண்டு யான், தித்தி ஹாயூன் பக்கம் இறங்கியது. மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்பார்கள், தண்ணீரின் தலை. ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தலைக்கு மேல் மழையே இல்லாமல் இருக்கலாம். மலையில் பெய்தது சட்டென்று வந்து சேரும். 2022 ஜூலை 4ஆம் தேதி பாலிங், கூப்பாங் வட்டாரத்தில் குனோங் இனாசிலிருந்து இறங்கிய வெள்ளமும் அப்படித்தான். கம்போங் ஈபோயில் மூன்று பேர் இறந்தார்கள். இந்த மாதிரி ஒரு மலை, ஒரு மாலைப் பொழுது மழையைக் கட்டத்தின் சராசரி மழுங்கடித்துவிடும். போதாக்குறைக்கு ஜிபிஎம்மின் மிக விரைவான பதிப்பே நான்கு மணி நேரம் பிந்தித்தான் வருகிறது. வெள்ளம் அதற்குள் வடிந்தே போயிருக்கும். கடைசிப் பதிப்பு வரச் சில மாதங்கள் ஆகும். ஏன் அவ்வளவு காலம் தெரியுமா? உலகெங்கும் தரையில் இருக்கிற மழைமானிகளின் கணக்கு வந்து சேர வேண்டும். அதை வைத்துத்தான் வானத்துக் கணக்கைத் திருத்துகிறார்கள். கிராணியின் கண்ணாடிக் குவளை இன்னும் ஓய்வு பெறவில்லை.

வானத்துக் கண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1982 நல்ல பாடம். அந்த ஆண்டு மார்ச், ஏப்ரலில் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்தது. அது உமிழ்ந்த கந்தகத் துகள்கள் வானத்தின் மேலடுக்கில் மெல்லிய திரை போலப் பரவின. கடல் வெப்பத்தை அளந்த அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் அந்தத் திரை வழியாகப் பார்த்ததால் கடல் உண்மையில் இருந்ததைவிடக் குளிர்ச்சியாகத் தெரிந்தது. அதே மாதங்களில் பசிபிக் கடல் சூடாகிக்கொண்டிருந்தது. கப்பல்களிலிருந்து வந்த சில அளவுகள் மாறுபட்டபோது, கப்பல்காரர்கள்தான் தப்பாக அளந்திருப்பார்கள் என்ற எண்ணம் இருந்தது. அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று கண்முன்னே வளர்ந்தது. 1982இன் பிற்பகுதி வரை நிபுணர்களே அதை அடையாளம் காணவில்லை. போர்னியோவில் காடுகள் எரிந்தன. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் பசிபிக் நடுக்கோட்டுப் பகுதி முழுவதும் ஏறக்குறைய 70 மிதவைகளை நங்கூரமிட்டு, நீருக்குள் வெப்பமானிகளைத் தொங்கவிட்டார்கள். 1994இல் அந்த வேலை முடிந்தது.

அதனால் 1997இல் கதை வேறு. மிதவை கீழிருந்து வெப்பத்தைச் சொன்னது. டோபெக்ஸ்/போசைடன் மேலிருந்து கடல்மட்டத்தைச் சொன்னது; வெந்நீர் விரிவடையும், ஆகவே சூடான கடல் மேடாகத் தெரியும். இரண்டும் ஒத்துப்போனதால் எல் நினோ வருகிறது என்று மாதக் கணக்கில் முன்னதாகவே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன? அந்தச் செப்டம்பரில் புகைமூட்டம் நம்மை மூடியது. சரவாக்கில் காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 800ஐத் தாண்டி அவசர நிலை அறிவித்தார்கள். தீ எங்கெங்கே எரிகிறது என்பது செயற்கைக்கோள் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. புள்ளி தெரிந்தால் தீ அணைந்துவிடுமா? 1998 ஏப்ரல் 9ஆம் தேதி நம் பக்கத்து மாநிலமான பெர்லிஸ், சூப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் பதிவானது. நாட்டில் பதிவான உச்ச வெப்பம் அது. அதை அளந்ததும் தரையில் நின்ற ஒரு வெப்பமானிதான். 2016 ஏப்ரலில் அடுத்த பெரிய எல் நினோவின்போது பெர்லிசிலும் நம் குபாங் பாசு, பெண்டாங் மாவட்டங்களிலும் வெயிலுக்காகப் பள்ளிகளையே மூடினார்கள். அந்தப் பக்கம் வேலை செய்த ஆசிரியர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, 2004க்குத் திரும்புவோம். பதினோரு மணிக்கு அளந்தது ஏன் ஒரு மணிக்குள் நமக்கு வரவில்லை? முதல் காரணம், ஜேசன்-1 சுனாமிக் காவலாளி இல்லை. கடல்மட்டம் மெல்ல மெல்ல எப்படி மாறுகிறது என்று ஆண்டுக் கணக்கில் பார்க்க அனுப்பியது அது. ஒரே பாதைக்குத் திரும்பி வரப் பத்து நாள் ஆகும். அன்றைக்கு அந்த நேரத்தில் அங்கே இருந்தது தற்செயல். இரண்டாவது, அளவுகள் தரைக்கு வந்து, கணக்கிட்டு, இது சுனாமிதான் என்று சொல்லப் பல மணி நேரம் ஆகிவிட்டது. மூன்றாவதுதான் எனக்கு உறுத்துவது. அப்படியே உடனே தெரிந்திருந்தாலும், யாருக்குச் சொல்வது? இந்தியப் பெருங்கடலுக்கு என்று எச்சரிக்கை அமைப்பே அப்போது கிடையாது. பசிபிக் கடலுக்கு இருந்தது. ஃபூக்கெட்டில் அலை அடித்ததற்கும் கோத்தா கோலமூடாவில் அடித்ததற்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதற்குள் ஒரு டெலிபோன் போதும். எடுத்துப் பேச ஓர் ஆள், கேட்டுச் சங்கு ஊத இன்னோர் ஆள் என்ற ஏற்பாடு இல்லை.

அன்று காலை ஃபூக்கெட்டின் மாய் காவ் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி விடுமுறைக்கு வந்திருந்தாள். கடல் தண்ணீர் நுரைத்துக்கொண்டு விநோதமாக ஏறுவதைப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன்தான் பள்ளியில் ஆண்ட்ரூ கியர்னி என்ற ஆசிரியர் புவியியல் பாடத்தில் சுனாமியைப் பற்றி நடத்தியிருந்தார். அவள் அம்மா அப்பாவிடம் கத்தினாள், ஹோட்டல்காரர்களிடம் சொன்னார்கள், கடற்கரை காலியானது. ஏறக்குறைய நூறு பேர் தப்பினார்கள். செயற்கைக்கோள்கள் அலையை அளந்ததும் ஏறக்குறைய அதே காலைப் பொழுதில்தான்.

நில நடுக்க மையத்துக்கு மிக அருகிலேயே இருக்கிற சிமெலுவே தீவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1907இல் அங்கே ஒரு பேரலை ஊரை அழித்தது. அதன் பிறகு ‘ஸ்மோங்’ என்ற சொல்லைத் தாலாட்டிலும் கதையிலும் வைத்துப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். நிலம் நடுங்கி, கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காதே, மேட்டுக்கு ஓடு. 2004இல் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் பத்துப் பேர் கூட இல்லை. நம் கரையில் அப்படி ஒரு சொல் யாருக்கும் தெரியாது. கடல் உள்வாங்கினால் மீன் பொறுக்கப் போகலாம் என்றுதான் நாமும் நினைத்திருப்போம்.

பிறகு ஏற்பாடுகள் வந்தன. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் கீழ் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது. கரையோரங்களில் சங்குக் கம்பங்கள் நட்டார்கள். 2011 அக்டோபரிலிருந்து இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா மூன்றும் இந்தியப் பெருங்கடல் முழுவதற்கும் எச்சரிக்கைத் தகவல் தரும் பொறுப்பை ஏற்றன. இந்த ஏற்பாட்டில் செயற்கைக்கோளின் வேலையைக் கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். கடலடியில் ஒரு கருவி நீரின் அழுத்தத்தை அளக்கிறது. மேலே அலை போனால் அழுத்தம் கூடும். அது ஒலியால் மேலே மிதவைக்குச் சொல்கிறது, மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்கிறது, செயற்கைக்கோள் மையத்துக்குச் சொல்கிறது. கண்ணாக இருந்தது இங்கே தபால்காரனாகிவிட்டது.

2012 ஏப்ரல் 11ஆம் தேதி, புதன்கிழமை மாலை 4.38க்குச் சுமத்ராவின் மேற்கே 8.6 அளவில் மீண்டும் நிலம் நடுங்கியது. இந்தத் தடவை செய்தி வந்தது. பெர்லிஸ், கெடா, பினாங்கு கரையோரங்களில் மக்களை வெளியேறச் சொன்னார்கள். நிலத்தட்டுகள் மேலெழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை, எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். “சும்மா பயமுறுத்திட்டாங்க” என்று அன்றிரவு கடையில் பேசிக்கொண்டார்கள். நான் அந்தப் பேச்சைக் கேட்டு நிம்மதிதான் அடைந்தேன்.

டோபெக்ஸ்/போசைடன் தொடங்கிய வேலை இன்றும் நடக்கிறது. 1993 முதல் இந்தச் செயற்கைக்கோள்கள் அளந்ததில் உலகக் கடல்மட்டம் சுமார் 10 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. நம் முழங்கையில் பாதி கூட இல்லை. ஆனால் யான், கோத்தா கோலமூடா பக்கம் வரப்புக்கு அந்தப் பக்கமே கடல் இருக்கிற வயல்களைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு என்று புரியும்.

வகுப்புக்கு ஒரு யோசனை. குளிர்பானப் போத்தலை வெட்டி, தலைகீழாகச் செருகி, பள்ளித் திடலில் மழைமானி ஒன்று வையுங்கள். ஒரு மாதம் மாணவர்கள் முறை வைத்துக் காலையில் அளந்து எழுதட்டும். அதே நாள்களின் ஹிமாவாரி மேகப் படத்தையும், ஜிபிஎம் கட்டத்தின் எண்ணையும் நீங்கள் எடுத்துக் கொடுங்கள். எண்கள் ஒத்துப்போகாது. பாடாங் செராயில் கொட்டிய மழை கூலிமில் தூறலாகக் கூட இருந்திருக்காது. யார் சொல்வது சரி, போத்தலா செயற்கைக்கோளா என்று சண்டை வரும். வரட்டும். இரண்டும் சரியாக இருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கோத்தா கோலமூடாவுக்குப் போகும்போது ஒரு நீளக் காகிதப் பட்டையும் எடுத்துப் போங்கள். 8.59, பதினோரு மணி, ஒரு மணிக்கு மேல் என்று மூன்று கோடுகள் போட்டு, நடுவில் இருக்கிற வெற்றிடத்தில் யார் யார் என்ன செய்திருக்கலாம் என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள்.

என்னிடம் அன்றைக்குக் கேள்வி கேட்ட மாணவன் இப்போது இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டான். பசாரில் அவன் அம்மாவை எப்போதாவது பார்ப்பேன். அவனைப் பார்க்கும்போது அந்தப் பதிலைத் திருத்திச் சொல்ல வேண்டும்.